மஸ்டர் ரோலில் ஏறாத பிணங்கள்

யுத்தக் குற்றம் என்ற சொல் இப்போது பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடுகிறது. இத்தகைய குற்றங்களை விசாரிக்க ஹாலந்து தேசத்து ஹேக் நகரில் 2002-ல் ஒரு நிரந்தர சர்வதேசக் கோர்ட்டு ஏற்பட்டது. 2023-ல் ருஷ்ய ஜனாதிபதி புடின் மீதும், 2024-ல் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு மீதும் அது கைது வாரண்டு பிறப்பித்தது.

இது பெரிய இடத்து வழக்காயிற்றே, தறி ஓட்டுகிறவனுக்கும் நாற்று நடுகிறவளுக்கும் இதில் என்ன இருக்கிறது என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். இருக்கிறது. யுத்தக் குற்ற விசாரணையில் யார் சாவு கணக்கில் ஏறுகிறது, யார் சாவு விட்டுப் போகிறது என்பதை நம் ஜனங்கள் உயிரைக் கொடுத்து அறிந்திருக்கிறார்கள். சயாம் மரண ரயிலின் கதை அதுதான்.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்தது. மலாயா ரப்பருக்கு வாங்குவாரில்லை. தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கங்காணி பேச்சை நம்பிக் கப்பலேறிய குடும்பங்களின் லயங்களில் பட்டினி புகுந்தது. அந்த நேரத்தில் பர்மாவிலிருந்த தன் படைக்குத் தளவாடம் அனுப்ப ஜப்பானுக்கு ஒரு வழி தேவைப்பட்டது. கடல் வழியில் நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள் காத்திருந்தன. ஆகவே சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை, காட்டையும் மலையையும் வெட்டி, 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட முடிவாயிற்று. 1942-ன் நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது.

வேலை செய்தவர்கள் யார்? பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்க யுத்தக் கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களைப்போல மூன்று மடங்கு ஆசியக் கூலிகள்: பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், தமிழர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் கொண்டு போகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். முதலில் நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்து மற்றவர்கள் மறுத்தபோது, தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்குப் போட்டுப் பிடித்து, கூட்ஸ் வண்டியில் அடைத்து அனுப்பினார்கள்.

கைதிகளோடு அவர்களுடைய ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள். செத்தவன் பெயரை ஒளித்து வைத்தாவது எழுதிக்கொள்ள அதிகாரிகள் இருந்தார்கள். கூலி முகாம்களில் பெரும்பாலும் டாக்டரும் இல்லை, எழுதுகிறவரும் இல்லை. 1943 மழைக் காலத்தில் காலரா வந்தபோது குடிசை குடிசையாக மாண்டார்கள். பிணங்களைக் குழியில் தள்ளினார்கள், தீயிலிட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். செத்த கைதிகள் 12,000 பேருக்கு மேல். செத்த கூலிகள் 80,000 என்கிறார் ஒருவர், 90,000 என்கிறார் இன்னொருவர், ஒரு லட்சம் என்கிறார் வேறொருவர். இருபதாயிரம் மனித உயிர் முன்பின்னாக இருந்தால் அதற்குக் கணக்கு என்றா பெயர்?

யுத்தம் முடிந்ததும் 1945 இறுதியில் ஒரு குழு அந்தப் பாதை நெடுகச் சென்று 10,000-க்கு மேற்பட்ட கைதிகளின் புதைகுழிகளைக் கண்டறிந்தது. இன்று காஞ்சனபுரியிலும் தான்பியூசயாத்திலும் வரிசை வரிசையாக நடுகல் நிற்கிறது. உயிரோடு திரும்பிய கைதிகளிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். சிங்கப்பூர் ராணுவக் கோர்ட்டுகளில் முகாம் அதிகாரிகளும் காவலர்களும் நூறு பேருக்கு மேல் நிறுத்தப்பட்டார்கள். முப்பது பேருக்கு மேல் மரண தண்டனை பெற்றார்கள். தன் நாடே ஜப்பானுக்கு அடிமையாயிருந்த கொரியக் காவலனும் கூண்டில் ஏறினான். டோக்கியோ விசாரணையில் 28 பேர் மீது குற்றம் சாட்டினார்கள். அதில் ஜப்பானியச் சக்கரவர்த்தி இல்லை.

இந்த வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை கைதிகளின் துன்பத்தைப் பற்றியவை. ஏழு மடங்கு செத்த கூலிகளின் வழக்கு அரிதாகவே கோர்ட்டு ஏறிற்று. 1951 சான்பிரான்சிஸ்கோ சமாதான ஒப்பந்தத்தின் 16-வது ஷரத்து, ஜப்பானிடம் கைதியாயிருந்து துன்பப்பட்ட நேச நாட்டுச் சிப்பாய்களுக்கு நஷ்டஈடு என்று பேசிற்று. கூலிக்காரனை அந்த ஷரத்து பேசவில்லை.

செத்த சிப்பாய்க்குக் கல் நட்டது தவறென்று நாம் சொல்லவில்லை. அவனும் எங்கோ ஒரு தொழிலாளி பெற்ற பிள்ளைதான். அவனுக்குச் செய்த நியாயம் அவனோடு ஒரே காட்டில் மண் சுமந்த முனியாண்டிக்கும் மாரியம்மாளுக்கும் ஏன் இல்லை என்றுதான் கேட்கிறோம்.

மில் தோழர்களுக்கு இதன் பதில் தெரியும். மஸ்டர் ரோலில் பெயர் இல்லாத பதிலி ஆளின் கை மிஷினில் போனால், 'அவன் எங்கள் ஆளே இல்லை' என்று முதலாளி கையை விரிப்பான். பண்ணையாளுக்கோ அந்த மஸ்டரும் கிடையாது. சயாமில் நடந்ததும் இதுதான். பட்டியல் இல்லை, அவர்களுக்காகப் பேச அதிகாரி இல்லை, சங்கம் இல்லை. விசாரணை நடத்திய பிரிட்டிஷ் சர்க்காருக்கு யுத்தத்துக்கு முன்னும் அவன் கூலி; பின்னும் கூலி.

இன்றைய சட்டம் ஓரளவு முன்னேறியிருக்கிறது. 1998-ல் ரோமில் ஏற்கப்பட்ட சாசனம் ஜனங்களை அடிமைப்படுத்துவதை மானுடத்துக்கு எதிரான குற்றம் என்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் வக்கீல் வைத்துத் தம் கருத்தைச் சொல்லலாம், நஷ்டஈடும் கேட்கலாம். இது அற்ப விஷயமல்ல. ஆனால் அமெரிக்காவும் ருஷ்யாவும் சீனாவும் அந்தக் கோர்ட்டுக்கு வெளியே நிற்கின்றன. ரோம் வாக்கெடுப்பில் ஒதுங்கிய இந்தியாவும் கையெழுத்திடவில்லை. 2025-ல் அமெரிக்கா அந்தக் கோர்ட்டின் பிராசிக்யூட்டர் மீதும் நீதிபதிகள் மீதும் தடை விதித்தது. எதிரி கூண்டில் நின்றால் தர்மம், கூட்டாளி நின்றால் அதர்மம்! இது என்ன நியாயம்?

அரைச் சட்டம் என்பதற்காக அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. முழுச் சட்டமாக்கு என்கிறோம். வல்லரசுகளும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். இந்திய சர்க்கார் அதில் சேர்ந்து, உள்ளேயிருந்து ஏழை நாடுகளின் பக்கம் பேச வேண்டும். எந்த யுத்தமானாலும் கொடியும் சீருடையும் இல்லாதவன் பெயரை, கூலியின் பெயரை, அகதியின் பெயரை விசாரணைக்காரர்கள் முதலில் எழுத வேண்டும்.

2002 ஜூலைக்கு முன் நடந்ததை அந்தக் கோர்ட்டு தொடாது. சயாமில் செத்தவர்களுக்கு அங்கே வழக்கில்லை. நம்மால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 'மலாயா போன தாத்தா திரும்பவில்லை' என்று சொல்லும் வீடு உங்கள் ஊரில் இருக்கலாம். அங்கே போய்ப் பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள், தோட்டத்தின் பெயரைக் கேளுங்கள். சங்க நோட்டில் எழுதி வையுங்கள். கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே எழுதுங்கள், தோழர்களே!