நூலுக்கும் வேண்டும் ஒரு நாள்காட்டி

திருவண்ணாமலையில் சொத்து வரி செலுத்தும் ஒவ்வொருவரும் நூலக வரியும் செலுத்துகிறார். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமாக, 1948-இல் சென்னை மாகாணம் இயற்றிய சட்டத்தின் வழியில் வந்தது இவ்வரி. அரசின் மானியத்தை மட்டுமே நம்பியிராமல் நூலகங்களுக்கெனத் தனி வருவாயை அது உறுதிசெய்தது. செலுத்திய வரி எத்தனை நாளில் நூலாக வாசகர் கைக்கு வருகிறது என்பதே இன்று எழ வேண்டிய கேள்வி.

வரியை வசூலிப்பவை உள்ளாட்சி அமைப்புகள். செலவிடுவது மாவட்ட நூலக ஆணைக்குழு. இடையில் பணம் தேங்கினால் பதிப்பாளருக்குச் சேர வேண்டிய தொகை நிலுவையாகும். கடன் வாங்கி அச்சிடும் சிறு பதிப்பாளர் அந்த வட்டியை விலையில் ஏற்றுவார். இல்லையேல் அடுத்த நூலைக் கைவிடுவார். இரண்டிலும் இழப்பு வாசகருக்கே.

விலை நிர்ணயமும் தரத்தைப் பாதிக்கும். நூலகங்கள் வாங்கும் நூல்களுக்கு நெடுங்காலம் பாரக் கணக்கில், அதாவது 16 பக்கங்களுக்கு இவ்வளவு என்றே விலை வைக்கப்பட்டது. பக்கத்துக்குப் பணம் என்றால் பக்கங்கள் பெருகும். தரம் பெருகும் என்பதற்கு உறுதியில்லை. 2024-இல் தமிழக அரசு வெளியிட்ட வெளிப்படைத்தன்மையுள்ள நூல் கொள்முதல் கொள்கை, இணையவழிப் பதிவுக்கு வழிசெய்திருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால், நூல் நுழையும் வாயில் திறந்தால் மட்டும் போதாது. அது வாசகரைச் சென்றடையும் பாதையும் சீராக வேண்டும்.

அதற்கு மூன்று செயல்கள் உடனடித் தேவை. முதலாவது, பொதுவான நூல் விவரப் பதிவு. 2007 முதல் 13 இலக்கமாக வழங்கப்படும் ஐ.எஸ்.பி.என். எண்ணை அடிப்படையாகக் கொண்டு, ஆசிரியர், பதிப்பு, பொருள், விலை ஆகியவற்றை ஒருமுறை பிழையின்றிப் பதிந்தால் எல்லா நூலகங்களும் அதையே பயன்படுத்தலாம். இரண்டாவது, நூலக வரியை உள்ளாட்சிகள் ஒப்படைக்கவும் பதிப்பாளருக்குப் பணம் வழங்கவும் காலக்கெடு விதித்து, நிலுவையைப் பொதுவில் வெளியிடுதல். மூன்றாவது, மாவட்டத் தலைநகருக்கு வந்த நூல்கள் ஜவ்வாதுமலையின் வாசகர் வரை சென்று சேரும் நாளையும் கணக்கிடுதல்.

விரைவு, தேர்வின் தரத்தைக் கெடுக்கும் என்று சிலர் அஞ்சலாம். நல்ல நூலைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவகாசம் எடுத்துக்கொள்ளட்டும். தேர்வான பின் அது கட்டுப் பிரிக்கப்படாமல் கிடப்பதற்கு நியாயமில்லை. சென்ற ஆண்டின் பொது அறிவு நூலைக் கொண்டு இந்த ஆண்டுப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞருக்கு இத்தாமதம் வெறும் நிர்வாகக் குறையல்ல. ஒரு வாய்ப்பின் இழப்பு.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிப்பது பற்றியது. பௌர்ணமிதோறும் 14 கி.மீ. கிரிவலப் பாதையில் திரளும் மக்களுக்காகப் பேருந்தும் குடிநீரும் முன்கூட்டியே திட்டமிடப்படும் ஊர் இது. நாள் குறித்து நூல் கொண்டுசேர்ப்பது அதைவிடக் கடினமான பணியல்ல.