அண்ணாச்சி, ஐந்தருவிக்கு எந்தப் பக்கம்?

குற்றாலத்துல சீசன். தென்காசியில பஸ் மாறி, தலைக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு கிளம்பிட்டீங்க. சும்மா கற்பனைக்கு, வழியில ரோடு ரெண்டாப் பிரியுதுன்னு வெச்சுக்குவோம். ஒண்ணு ஐந்தருவிக்குப் போகும். இன்னொண்ணு சுத்திச் சுத்தி தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டுவந்து விட்டுடும். அங்கே ரெண்டு அண்ணாச்சிங்க உட்கார்ந்திருக்காங்க. ஒருத்தர் உண்மை மட்டுமே பேசுவார். இன்னொருத்தர் வாயைத் திறந்தாலே பொய். யார் எவர்னு உங்களுக்குத் தெரியாது, அவங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம்.

"ப்பூ, இவ்ளோதானா? 'அவர்கிட்ட கேட்டா எந்த வழியைக் காட்டுவார்'னு கேட்டுட்டு, அதுக்கு எதிர்ப்பக்கம் போகணும்"னு கடைசி பெஞ்ச்லேர்ந்து குரல் வருது. கரெக்ட். நானும் இப்படித்தான் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்த ஒரு கம்பெனியோட ரிட்டன் டெஸ்ட்ல இதே கணக்கு. ஆனா, வழியில நின்னது ஒரே ஒரு ஆள்! அவர் உண்மையா, பொய்யான்னும் தெரியாது. நான் அவுட்.

அந்தக் கேள்வி ஏன் வேலை செய்யுதுன்னு நான் யோசிக்கவே இல்லை. ரெண்டு பேர் இருக்கும்போது, யார்கிட்ட கேட்டாலும் பதில்ல சரியா ஒரு பொய் கலந்திருக்கும். அதனால பதில் கண்டிப்பா தப்பு. திருப்பிப் போட்டா சரியான வழி. ஒரே ஆள்னா, பொய்க்காரர் ரெண்டு தடவை பொய் சொல்ற மாதிரி கேட்கணும்:

"அண்ணாச்சி, 'இடது பக்கம் ஐந்தருவிக்குப் போகுமா'ன்னு உங்ககிட்ட கேட்டா, 'ஆமா'ன்னு சொல்வீங்களா?"

இடதுதான் சரியான வழின்னா, உண்மைக்காரர் 'ஆமா'ம்பார். பொய்க்காரர்? நேரா கேட்டிருந்தா 'இல்லை'ன்னு சொல்லியிருப்பார். அதை இப்ப ஒத்துக்கிட்டா உண்மை பேசினதா ஆயிடுமே! அதனால அவரும் 'ஆமா'ன்னு சொல்லியே தீரணும். மைனஸ் இன்ட்டு மைனஸ் ப்ளஸ், எட்டாங்கிளாஸ் கணக்குதான்.

இந்த மாதிரி ஆட்களுக்குன்னே ஒரு தீவைக் கற்பனை பண்ணினவர் ரேமண்ட் ஸ்மல்யன் (1919-2017). அமெரிக்க லாஜிக் புரொபசர், மேஜிக் ஷோவும் நடத்தினவர். 1978-ல அவர் எழுதின புதிர்ப் புத்தகத்தோட தலைப்பே 'இந்தப் புத்தகத்தின் பெயர் என்ன?' கடையில இதை எப்படிக் கேட்டு வாங்கியிருப்பாங்களோ!

வேற மாதிரி கொடுத்தாலும் ஒரே வழிதான். ஒருத்தரை உண்மைக்காரர்னு வெச்சுக்கிட்டு ஓட்டிப் பாருங்க. எங்கேயாவது முட்டிச்சுன்னா அவர் பொய்யர். முட்டலையா? உடனே டிக் அடிச்சிடாதீங்க, அவரைப் பொய்யர்னும் வெச்சு ஒரு தடவை ஓட்டுங்க. முக்கால்வாசிப் பேர் மார்க் கோட்டை விடுறது இங்கேதான்.

இப்ப உங்க டர்ன். அருவிக்கரையில மூணு பழக்கடை.

மங்குஸ்தான்காரர்: "ரம்புட்டான்காரர் பொய்யர்."

ரம்புட்டான்காரர்: "பலாப்பழக்காரர் பொய்யர்."

பலாப்பழக்காரர்: "அவங்க ரெண்டு பேருமே பொய்யருங்க."

யாரை நம்பிப் பழம் வாங்குவீங்க? விடை அடுத்த வாரம்.