குவியலுக்குள் கை நுழையட்டும்



ஆலங்குளத்தில் வாழும் நமக்குத் தொழிற்சாலை என்பது செய்தித்தாளில் மட்டும் படித்தறியும் பொருளன்று. 1970ஆம் ஆண்டு முதல் அரசு சிமெண்ட் ஆலை நம் ஊரில் இருக்கிறது. அண்மையில் மதரஸாவில் வணிகச் சட்டங்களைப் பாடம் நடத்தியபோது ஒரு மாணவர் கேட்டார்: "ஹஜ்ரத், புகையையும் கழிவையும் தாமே கட்டுப்படுத்திக்கொள்வதாக முதலாளிகள் வாக்களித்தால் போதாதா? ஒரு முஸ்லிமின் வாக்கை நம்பத்தானே வேண்டும்?"

நல்ல கேள்விதான். அரசும் ஒருமுறை ஏறத்தாழ இவ்வாறே எண்ணியது. 2003 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், சிமெண்ட், தோல் உள்ளிட்ட 17 வகைத் தொழில்களுடன் கலந்து பேசி ஒரு பொறுப்புறுதி ஆவணத்தை வெளியிட்டது. சட்டம் வற்புறுத்தும் அளவுக்கு அப்பாலும் தாமாக முன்வந்து செய்வதாகத் தொழில்துறை இசைந்த இலக்குகள் அதில் இருந்தன.

மாணவருக்கு நாம் அல்பகறா அத்தியாயத்தின் மிக நீண்ட வசனத்தை நினைவூட்டினோம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும் சாட்சிகளை வைத்துக்கொள்ளவும் கட்டளையிடும் அவ்வசனம் ஈமான் கொண்டவர்களை நோக்கியே பேசுகிறது. எழுத்தும் சாட்சியும் நம்பிக்கையின்மையின் அடையாளம் என்றால் அக்கட்டளை நமக்கு வந்திராது.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கண்டார்கள். மேற்பரப்பு காய்ந்திருந்தது. உள்ளே கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அவர் சொன்னது பொய்யன்று என்பதைக் கவனிக்க வேண்டும். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்பதே நபியவர்களின் கேள்வி. வியாபாரியின் சொல்லைக் கேட்டுக்கொண்டு அவர்கள் கடந்து போய்விடவில்லை. கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். பிற்காலத்தில் முஸ்லிம் நகரங்களில் முஹ்தஸிப் என்ற சந்தைக் கண்காணிப்பாளர் பதவி வளர்ந்ததும் இதே நோக்கில்தான்.

இனி நமக்குக் கசப்பான பகுதி. ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தின் தோல் தொழிலில் நம் சமுதாயத்தவரின் பங்கு பெரிது. 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி போன்ற கல்விப் பணிகளுக்குத் தோல் வணிகர்கள் ஆற்றிய தொண்டு மறக்கத்தக்கதன்று. ஆயினும் அதே தொழிலின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யுமாறு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சுமார் பத்தாண்டுகள் வலியுறுத்தியும் பயன் விளையவில்லை என்று குறிப்பிட்டது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமல் போனதென்ற கணக்கும் அதில் உண்டு. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாடு அன்று நம் நாட்டுச் சட்டத்தில் உறுதிப்பட்டது. 2025 ஜனவரியிலும் பாலாற்றுக்காக நீதிமன்றம் மீண்டும் பேச நேர்ந்தது.

2005 முதல் வெளிநாட்டுக் காலணி நிறுவனங்களும் தோல் உற்பத்தியாளர்களும் இணைந்து லெதர் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பை நடத்துகின்றனர். வெளித் தணிக்கையாளர் வந்து நீர், மின்சாரம், இரசாயனப் பயன்பாட்டைச் சோதிப்பார். தேறியவர்க்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் எனத் தரம் கிடைக்கும். இது பயனற்றதென்று நாம் சொல்லவில்லை. கொள்முதல் நின்றுவிடும் என்ற அச்சம் பலரைத் திருத்தியிருக்கும். ஆனால் அச்சான்றிதழ் வாங்குபவரின் மேசைக்குச் செல்கிறது. ஆற்றங்கரையில் கிணறு வைத்திருக்கும் விவசாயியின் கைக்கு அது வருவதில்லை. குவியலுக்குள் கையை விடும் உரிமை முதலில் அவருக்கே உரியது என்பது எமது கருத்து.

ஆகவே முதலாளிச் சகோதரர்களிடம் நாம் வேண்டுவது சிறியது. தரச் சான்றிதழைச் சட்டமிட்டு அலுவலகச் சுவரில் மாட்டுவதுடன், கழிவுநீர்ச் சோதனை முடிவுகளை மாதந்தோறும் ஆலை வாயிலிலும், சுற்றியுள்ள ஊர்களின் பஞ்சாயத்து அலுவலகத்திலும் தமிழில் ஒட்டுங்கள். தவறிய மாதத்தின் முடிவையும் ஒட்டுங்கள். அதுதான் ஈரமான தானியம்.

நாமும் தப்ப முடியாது. எமது மதரஸாவின் ஒரு வகுப்பறை, தோல் வணிகர் ஒருவரின் நன்கொடையில் எழுந்தது. இனிப் பெரிய நன்கொடை பெறுமுன் இத்தகைய சோதனை முடிவைக் கேட்டுப் பார்க்கலாமே என்று நிர்வாகக் குழுவில் முன்மொழிந்தோம். மூத்த உறுப்பினர் ஒருவர் அமைதியாகக் கேட்டார்: "அவர் வருத்தப்பட்டு நிறுத்திவிட்டால், விடுதிப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு என்ன வழி, ஹஜ்ரத்?" அடுத்த கூட்டத்திற்குள் விடை சொல்வதாகக் கூறி வந்திருக்கிறோம்.