நம்ம கதை தேறுமா?

இதழுக்கு வருகிற கதைகளில் பல ஒரே மாதிரி முடிகின்றன. குடிசை எரிகிறது, கைகள் உயர்கின்றன, கிழக்கு சிவக்கிறது. கேட்டால், 'நடந்ததைத்தானே எழுதினேன்' என்கிறார்கள். நடந்ததுதான். 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்ததும், 1997இல் மேலவளவில் முருகேசனையும் தோழர்களையும் வெட்டியதும் நடந்ததுதான். ஆனால் நடந்ததைப் பதிய முதல் தகவல் அறிக்கை போதும். அதையும் ஒழுங்காப் பதிய மாட்டேங்கிறான் என்பது வேறு விஷயம். கதைக்கு இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது.

'கலை நேர்த்தி இல்லை' என்று சொல்லியே நம் எழுத்தை வாசலில் நிறுத்தினார்கள். அந்த அளவுகோலை முறித்துப் போட்டோம், சரி. நம்முடைய அளவுகோல் எங்கே? அது இல்லாவிட்டால் 'பாவம், தலித் கதை' என்று முதுகில் தட்டிக் கொடுப்பார்கள். அந்தத் தட்டலும் தீண்டாமைதான்.

அளவுகோல் நம்மிடம் இல்லாமலில்லை. சிவகாமி 'பழையன கழிதலும்' நாவலில் தலித் தலைவர் காத்தமுத்துவின் ஆணாதிக்கத்தைத் தோலுரித்தார். பிறகு 'ஆசிரியர் குறிப்பு' எழுதி, தன் நாவலையே கூண்டில் ஏற்றினார்: எதைச் சொன்னேன், எதை விட்டேன், ஏன்? 1994இல் இமையம் 'கோவேறு கழுதைகள்' எழுதியபோது, நம் தெருவுக்கே துணி வெளுக்கிற ஆரோக்கியத்தை நடுவில் நிறுத்தினார். நம்ம ஆட்களுக்கே கோபம் வந்தது. வரட்டும். நம் வீட்டுக்குள்ளும் விளக்கைத் தூக்கிப் பார்க்கிற எழுத்துதான் நிற்கிறது.

எழுதி முடித்ததும் நான் மூன்று காரியம் செய்கிறேன்.

ஒன்று, கதையில் வரும் வேலையைச் செய்கிறவரிடம், நாற்று நடுகிறவரிடமோ செங்கல் அறுக்கிறவரிடமோ, சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். 'நல்லாருக்குப்பா' என்பதை நம்புவதில்லை. எந்த இடத்தில் வெற்றிலை மடிக்க ஆரம்பிக்கிறார், எந்த இடத்தில் 'அப்புறம்?' என்கிறார் என்று பார்க்கிறேன். வெற்றிலை மடித்த இடத்தைத் திரும்ப எழுதுகிறேன்.

இரண்டு, கடைசிப் பத்தியைக் கையால் மூடிக்கொண்டு படிக்கிறேன். கதை அதற்கு முன்பே முடிந்திருந்தால் அந்தப் பத்தியை அடித்துவிடுகிறேன். கோஷம் போட மேடை இருக்கு, சுவரொட்டி இருக்கு.

மூன்றாவதுதான் கஷ்டம். கதையில் அடிபடுகிற பெண், அதற்கு முந்தின நாள் எதற்குச் சிரித்தாள்? யாரிடம் கைமாத்து கேட்டாள்? யார்மேல் பொறாமைப்பட்டாள்? பதில் தெரியாவிட்டால் நாமும் அவளை வெறும் உடம்பாகத்தான் எழுதியிருக்கிறோம். ஆண்டையும் அவளை அப்படித்தான் பார்த்தான்.

மாணவத் தோழர்களுக்குச் சொல்கிறேன்: திருத்தி எழுதினால் கோபம் நீர்த்துப்போகும் என்று பயப்படாதீர்கள். உலையில் திரும்பத் திரும்பக் காய்ச்சி அடித்த அரிவாள்தான் அறுக்கும்.

கதைகளை அனுப்புங்கள். மூன்றாவது தடவை எழுதியதை அனுப்புங்கள்.