பானையைப் பரீட்சையாக்காதே!

தோழனே!

தை பிறக்கும் முன்னே சிட்லபாக்கத்துத் தெருக்களிலே தோரணம் ஆடும், கரும்பு நிமிரும், சமத்துவப் பொங்கலுக்குப் பச்சரிசியும் வெல்லமும் திரட்டத் தோழர்கள் கிளம்புவர். நன்று! ஆனால் அழைக்கச் சென்ற இடத்திலே, "மார்க்கம் இடந்தரவில்லை, பொறுத்தருள்க" என்று இசுலாமியத் தோழர் ஒருவர் சொல்லிவிட்டால், சிலர் முகம் சுருங்குகிறது. "தமிழர் திருநாளுக்கு வராதவர் தமிழரா?" என்று முணுமுணுக்கின்றனர். அந்த முணுமுணுப்பு மாற்றார் கொல்லையில் விளைந்த களை. நம் வயலிலே முளைக்க விடலாமா?

அவர் ஏன் தயங்குகிறார்? கேட்டறிந்தோமா?

நபிகள் நாயகம் மதீனா நகர் புகுந்தபோது, அவ்வூரார் இரு நாட்களை விளையாட்டு விழாவாகக் கொண்டாடினர். அவற்றினும் மேலான இரு பெருநாட்களை இறைவன் அளித்துள்ளான் என்றார் நாயகம் என்பது நபிமொழித் தொகுப்பு தரும் செய்தி. நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் அவை. இதனைச் சான்றாகக் கொண்டு, பிறர் விழாவிலே பங்குகொள்வதே கூடாதென்று தனி நூலில் வாதிட்டார் 1328இல் மறைந்த இப்னு தைமிய்யா. மற்றொரு சாராரோ, வணக்கம் வேறு, வாழ்த்து வேறு என்பர். பகை காட்டாத பிற சமயத்தாரிடம் நன்மையும் நீதியும் பாராட்டத் தடையில்லை என்னும் கருத்தைத் திருக்குர்ஆனின் 60ஆம் அத்தியாயத்திலிருந்து எடுத்துக் காட்டுவர். இரு சாராரும் ஒன்றுபடும் இடம் ஒன்றுண்டு: இறைவனையன்றிப் பிறிதொன்றுக்குப் படையலும் வணக்கமும் ஆகா!

இனி நம் முற்றத்தைப் பார். "பொங்கல் மதம் சாராத அறுவடை விழா" என்று மேடைதோறும் முழங்குகிறோம். பானையின் பக்கத்திலோ கதிரவனுக்குப் படையல், கற்பூரம், கைகூப்பல்! இவை இருக்கும்வரை அவர் தயக்கம் பகையாகுமா? கொள்கைக்காகக் கும்பிட மறுத்து, உற்றார் வெறுப்பையும் ஊரார் ஏச்சையும் ஏற்றவர்கள் நம்மிலே எத்தனை பேர்! நமக்கா அது விளங்காது?

தமிழ்ப்பற்றுக்குச் சான்று வேண்டுமா? பக்கத்துக் குரோம்பேட்டையிலே வாழ்ந்தவர் கண்ணியமிகு காயிதே மில்லத் இசுமாயில் சாகிபு. 1949இல் அரசியல் நிர்ணய சபையிலே, தொன்மைதான் அளவுகோல் என்றால் ஆட்சிமொழியாகும் தகுதி தமிழுக்கு உண்டென வாதாடியவர் அவர். உமறுப் புலவரோ சீறாப்புராணத்திலே பாலை மணல் பரந்த அரபு நாட்டுக்கே மழையும் வயலும் வழங்கித் தமிழ்நிலமாக்கிப் பாடினார். இவர்கள் வழிவந்தோரிடமா பானையைக் காட்டிச் சான்றிதழ் கேட்பது?

2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்தாயா? சென்னையிலே கோயில்களில் படிந்த சேற்றை இசுலாமிய இளைஞர்கள் வாரிக் கழுவினர். அவர்கள் அங்கே வணங்கவில்லை, உழைத்தனர். மார்க்கமும் மானுடமும் கைகோத்து நின்றன!

ஆகவே, தோழனே, பொதுப் பானைக்குப் படையல் வேண்டாம். வழிபட விழைவோர் தத்தம் இல்லத்திலே வழிபடட்டும், தடுப்பார் இல்லை. பொதுவிடத்திலே உழவருக்குப் பாராட்டு, சிறுவர்க்கு விளையாட்டு, எல்லோர்க்கும் பந்தி! வருவோரை மகிழ்ந்து வரவேற்பாய். வாராதார் வீட்டுக்கும் மறுநாள் செல், நலம் கேள், அவர் பெருநாளன்று அழைத்தால் சென்று வாழ்த்து. வர மறுக்கவும் உரிமை உண்டு என்று ஒப்பாத விழாவுக்குச் சமத்துவம் என்று பெயர் சூட்டாதே!