எந்த வெள்ளைக்காரன், அப்பா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தரங்கம்பாடி சென்றிருந்தேன். டேனிஷ் கோட்டையில் எனக்கு முன்னால் ஒரு குடும்பம் படியேறிக் கொண்டிருந்தது. எட்டு வயதுப் பையன் கேட்டான்:

"அப்பா, இதை யார் கட்டினாங்க?"

"வெள்ளைக்காரன் கட்டினான்டா. திரும்பி நில்லு, போட்டோ எடுக்கிறேன்."

"எந்த வெள்ளைக்காரன், அப்பா?"

தகப்பனாரிடமிருந்து பதில் வரவில்லை. 'கிளிக்' என்ற சப்தம்தான் வந்தது.

அவரை மட்டும் குறை சொல்வானேன்? நம்மில் எத்தனை பேருக்கு விடை தெரியும்?

மிளகு வாங்கக் கப்பலேறி வந்தவர்கள் டென்மார்க் நாட்டார். தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று, ஓவே ஜெட்டே என்ற கடற்படைத் தலைவரின் பொறுப்பில் 1620-ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய கோட்டை இது. சண்டையிட்டுப் பிடித்த இடமல்ல. கேட்டுப் பெற்ற இடம்! ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு டேனிஷ்காரர்கள் விலகினார்கள்.

இவ்வளவுதான் விடை. சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம் போதும்.

சனி, ஞாயிறுகளில் குடும்பத்தோடு பழைய ஊர்களைப் பார்க்கக் கிளம்பும் வழக்கம் இப்பொழுது பெருகி வருகிறது. நல்ல வழக்கம். அவர்களுக்காகக் கோட்டை கொத்தளங்களில் விழா நடத்துவதும் நல்லதே. ஆனால் பலூனும் பஜ்ஜியும் ஒலிபெருக்கிப் பாட்டும் எந்தக் கடற்கரையிலும் கிடைக்கும். தரங்கம்பாடியில் மட்டும் கிடைப்பதையல்லவா அங்கே கொடுக்க வேண்டும்?

என் யோசனை இது. சனிக்கிழமை மாலை, 1792-இல் கட்டிய நகர வாசலில் தொடங்கி, ராஜ வீதி வழியாகக் கோட்டை வரை எல்லோரும் நடக்கட்டும். வழியில் 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது. அதைக் கட்டிய சீகன்பால்குவின் முயற்சியால் 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியதும் இவ்வூரில்தான் என்பதை அங்கே நின்று சொல்லலாம். ஞாயிறு காலை கட்டுமரக்காரர்களிடம் குழந்தைகளை அழைத்துப் போகலாம். அலையையும் காற்றையும் பற்றி அவர்களைவிட நன்றாக யார் சொல்லித்தர முடியும்? 2004-ஆம் ஆண்டு சுனாமியில் உறவினரைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். ஊர்க் கதையில் கவர்னர்களுக்கு மட்டுமா இடம்? அவர்களுக்கும் உண்டு. கதை சொல்லும் வேலையை உள்ளூர்ப் பள்ளி மாணவர்களிடமே ஒப்படைத்து, அதற்கொரு சம்பளமும் கொடுக்கலாம்.

"குழந்தைகளுக்குச் சரித்திரம் கசக்குமே!" என்பார்கள் சிலர். கசப்பது சரித்திரமல்ல, பரீட்சை! கோட்டையின் கீழ்த்தளத்தில் சிறையறை இருந்ததென்று சொல்லிப் பாருங்கள். எந்தப் பிள்ளை பலூன் கேட்கிறது பார்ப்போம்!

பொழுதுபோக்குக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பக்கத்திலேயே 1306-இல் எழுந்த மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது. கடலை யார் தட்டிக் கேட்பது? ஆனால் பழைய சுவர்களில் ஆணியால் பெயர் கீறுவது கடலல்ல, நாம்தான். கதை தெரியாதவனுக்கு அது வெறும் சுவர். கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அதில் கீறக் கை வராது. காவல்காரரும் அறிவிப்புப் பலகையும் செய்ய முடியாத காரியத்தைத் தகப்பனார் சொல்லும் இரண்டு நிமிஷக் கதை செய்துவிடும்.

அடுத்த வாரம் தரங்கம்பாடிக்குப் புறப்படுகிறவர்கள், பிளாஸ்கில் காப்பி எடுத்துக் கொள்ளும்போது மேலே சொன்ன விடையையும் எடுத்துச் செல்லட்டும். பையன் கட்டாயம் கேட்பான். போட்டோவைப் பிறகு எடுத்துக் கொள்ளலாம்.