கரண்டியும் காலிங் பெல்லும்

ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு எங்கள் வீட்டில் என் டிபார்ட்மெண்ட். ஜேடர்பாளையம் அணைக்கட்டுப் பக்கம் போய் மீன் வாங்குவது முதல் தாளித்துக் கொட்டுவது வரை நானேதான். பெருமைக்குச் சொல்லவில்லை ஸார், இதுவரை சேதாரம் எதுவுமில்லை.

ஆனால் காலிங் பெல் அடித்தால் போதும், கரண்டி மனைவி கைக்குப் போய்விடும். நான் ஹாலில் பேப்பரை விரித்துக்கொண்டு, "ஏம்மா, இன்னும் ஆகலையா?" என்று குரல் கொடுப்பேன். அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆச்சுங்க!" என்பாள். பத்து வருஷமாக ஓடுகிற நாடகம்.

பி.காம். படித்தவன் கணக்குப் பார்க்காமல் இருப்பானா? 2019-ல் மத்திய அரசு, ஜனங்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று ஒரு சர்வே எடுத்தது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 100-க்கு 81 பேர் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்தார்கள். ஆண்களில் 26 பேர். செய்தவர்களிலும் பெண்ணுக்கு தினம் 299 நிமிஷம், ஆணுக்கு 97. என் கணக்கில் பெல் அடித்த நேரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

போன ஞாயிறு, மூணாங்கிளாஸ் படிக்கும் என் பையன் கேட்டான்.

"ஏப்பா, சமைக்கிறது தப்பா?"

"இல்லடா, ஏன்?"

"அப்புறம் ஏன் ஒளிஞ்சுக்கறீங்க?"

மீன் முள் தொண்டையில் சிக்கின மாதிரி இருந்தது. இவனுக்குச் சமைக்கச் சொல்லிக் கொடுப்பதாக நினைத்திருந்தேன். ஒளியச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்!

அந்த நேரம் பார்த்து பெல். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் மாமனார்! முப்பது வருஷம் நாமக்கல் லாரி ஓட்டியவர். முறுக்கு மீசை. வீட்டில் தண்ணீர்கூடத் தானே மொண்டு குடிக்காதவர். மனைவி வழக்கம்போல் கையை நீட்டினாள். பையன் என்னையே பார்த்தான். கரண்டியோடு போய்க் கதவைத் திறந்தேன்.

மாமா கரண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நேரே சட்டிக்குப் போய், ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினார்.

"புளி பத்தலைங்க மாப்ள. நாக்பூர் ரோட்டோரம் ஸ்டவ்வப் பத்த வெச்சு நான் வெக்காத குழம்பா?"

மனைவி திகைத்துப் போனாள். "அப்பா! அம்மாவுக்கு ஒரு நாளாவது வெச்சுக் குடுத்திருக்கீங்களா?"

மாமா கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். அப்புறம் என் காதருகே வந்தார்.

"ஒரு தூக்குப்போசில ஊத்திக் குடுங்க மாப்ள. உங்க அத்தைகிட்ட நான் வெச்சதுன்னு சொல்லிக்கறேன்."